பழைய வசனம், புதிய தமிழ்: ஒரு சபையின் வேத வாசிப்பு மாற்றம் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

இது ஒரு நடுத்தர அளவுள்ள புராட்டஸ்டண்டு சபையில் ஏறக்குறைய இரண்டு வருடம் நடந்த விஷயம். ஆட்களின் பெயரும் ஊர்ப் பெயரும் இங்கே தேவையில்லை. ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவர்களின் பட்டியலைப் போடுகிறவன் நான். இந்த மாற்றத்துக்காக அமைத்த ஐந்து பேர் குழுவிலும் இருந்தேன். ஆகவே கீழே வரும் தவறுகளில் எனக்கும் பங்கு உண்டு.

எங்கள் ஆராதனையில் பழைய ஏற்பாடு, நிருபம் (அப்போஸ்தலர்கள் எழுதிய கடிதம்), சுவிசேஷம் (இயேசுவின் வரலாறு) என்று மூன்று பாடங்கள் வாசிக்கப்படும். அதோடு ஒரு சங்கீதத்தை, அதாவது வேதத்திலுள்ள ஒரு பாட்டை, சபையார் மாறி மாறிச் சொல்வார்கள். எல்லாமே ஹென்றி பவர் தலைமையிலான குழு செய்து 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பிலிருந்துதான். பெரும்பாலான தமிழ்ப் புராட்டஸ்டண்டு வீடுகளில் 'வேதாகமம்' என்றால் இன்றைக்கும் அதுதான்.

எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது ஒரே ஒரு வசனம். வாலிபர் கூட்டத்தில் 1 பேதுரு 5:7 வாசிக்கப்பட்டது. கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள், ஏனென்றால் அவர் உங்களை 'விசாரிக்கிறவர்' என்று அதில் வருகிறது. ஒரு கல்லூரி மாணவி கையைத் தூக்கி, "அண்ணா, விசாரிக்கிறவர்னா போலீஸ் விசாரிக்கிற மாதிரியா? அப்போ கவலையை அவர்கிட்ட எப்படிச் சொல்றது?" என்று கேட்டாள். சிலர் சிரித்தார்கள். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. "அம்மாவ விசாரிச்சேன்னு சொல்லு என்கிறோமே, அந்த விசாரிப்பு" என்று கூட்டத்தை நடத்தியவர் சொன்னதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவள் அந்த வசனத்தை ஞாயிறு பள்ளியில் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள். பத்து வருடத்துக்கு மேலாக வசனம் வாயில் இருந்திருக்கிறது, பொருள் வேறு எங்கோ இருந்திருக்கிறது. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் போதகர் இதைச் சொன்னபோதுதான் குழு அமைந்தது.

கவனித்தது

முதலில் ஒரு சின்ன சோதனை செய்தோம். வாலிபர்களும் பெரியவர்களுமாக இருபது பேருக்குக் குறைவானவர்களை உட்கார வைத்து, ஒரு பகுதியை ஒருமுறை வாசிப்போம். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, கேட்டதைச் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்வோம்.

வஸ்திரம், ஸ்திரீ, பர்வதம், சமுத்திரம், போஜனம் போன்ற சொற்களில்தான் இளையவர்கள் இடறுவார்கள் என்று எதிர்பார்த்தோம். அப்படி நடக்கவில்லை. தெரியாத சொல் வந்தால் காது நிமிர்ந்துகொள்கிறது. முன்னும் பின்னும் பார்த்து ஊகித்துவிடுகிறார்கள். 'வஸ்திரம்' துணி என்று ஆறாம் வகுப்புப் பையன்கூடச் சொன்னான்.

விழுந்தது வேறு இடத்தில். இன்றும் புழங்குகிற, ஆனால் பொருள் நகர்ந்துவிட்ட சொற்களில். அவற்றைக் கேட்பவர் நிற்பதே இல்லை, புரிந்ததாக நினைத்துக் கடந்துபோய்விடுகிறார். யோவான் 14:15-இல் 'என் கற்பனைகளை' என்று வருகிறது. அந்தக் காலத்தில் கற்பனை என்றால் கட்டளை. இன்றைக்குக் கற்பனை என்றால் மனதில் உருவாக்கிக்கொள்வது. 'இயேசுவின் கனவுகளை நாம் நிறைவேற்ற வேண்டும்' என்று ஒரு வாலிபர் விளக்கினார், அழகாகவே விளக்கினார். எபிரெயர் 11:13-இல் விசுவாச வீரர்கள் தங்களைப் 'பரதேசிகள்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். வேறு தேசத்தில் தங்கியிருப்பவர் என்ற பொருள் போய் அது வசைச்சொல்லாகிவிட்டது. அந்த இடத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு வரும்.

மத்தேயு 28:19-இல் 'சகல ஜாதிகளையும்' என்பதை 'எல்லாச் சாதிக்காரர்களையும்' என்றுதான் பலர் எடுத்துக்கொண்டார்கள். அங்கே ஜாதி என்பது இனம், நாட்டு மக்கள். தவறான புரிதலே நல்ல கருத்தாக அமைந்துவிட்டதால் இத்தனை வருடம் யாரும் திருத்தவில்லை என்று நினைக்கிறேன்.

எங்களைத் திகைக்க வைத்தது 1 கொரிந்தியர் 11. அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்துக்கு முன்னால் அடிக்கடி வாசிக்கும் பகுதி. 'நம்மை நாமே நிதானித்து அறிந்தால்' என்பதற்கு, நம்மை நாமே சோதித்துத் தீர்மானித்தால் என்று பொருள். நாற்பது வயதைத் தாண்டிய, சபையில் பொறுப்புள்ள ஒருவர், "திருவிருந்து வாங்கப் போகும்போது முண்டியடிக்காம நிதானமா போகணும்" என்றார். அவர் உண்மையிலேயே எப்போதும் வரிசையில் கடைசியாகத்தான் போவார். காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னொன்று மரியாதை விகுதி. பழைய மொழிபெயர்ப்பில் இயேசு 'அவர்'. ஆபிரகாம், மோசே, பேதுரு எல்லாரும் 'அவன்'. மரியாள் 'அவள்'. எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் தமிழைப்போல அவன்–அவர் வேறுபாடு கிடையாது. ஆகவே தமிழில் கொண்டுவருகிற ஒவ்வொருவரும் ஆளுக்கு ஆள் தாமே முடிவு செய்தாக வேண்டும். எங்கள் ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர் 'மோசே சொன்னான்' என்று அச்சில் இருப்பதைப் பார்த்தபடியே 'மோசே சொன்னார்' என்று வாசிப்பார். மாற்றி வாசிப்பது அவருக்கே தெரியாது. சொன்னால், "அப்படியா வாசிச்சேன்?" என்று கேட்பார்.

முதல் முடிவும் அதன் காரணமும்

மூன்று வழிகள் முன்னால் இருந்தன. பழையதையே வைத்துக்கொண்டு பிரசங்கத்தில் விளக்குவது ஒன்று. கடினமான சொற்களை மட்டும் நாங்களே மாற்றி வாசிப்பது இன்னொன்று. இரண்டாவதை உடனே தள்ளிவிட்டோம். அந்த அதிகாரம் எங்களுக்கு யார் கொடுத்தது? இன்று பத்துச் சொல் என்று தொடங்கினால் ஆளுக்கொரு வேதம் ஆகிவிடும். மூன்றாவது, கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து செய்து 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்புக்கு எல்லா வாசிப்புகளையும் மாற்றுவது. மேலே சொன்ன இடறல்கள் பெரும்பாலும் அதில் கிடையாது. பேதுருவும் மரியாவும் 'அவர்' ஆகியிருக்கிறார்கள். திருச்சபை ஆண்டின் தொடக்கமான வருகைக் காலத்திலிருந்து ஆறு மாதம் இப்படி வாசித்துப் பார்ப்பது என்று முடிவானது.

கமிட்டியில் ஒரு மூப்பர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. எழுபதைத் தாண்டியவர். "பரிசுத்த ஆவியைத் தூய ஆவின்னா, ஆர்.சி. கோவில்ல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு" என்றார். அதற்குப் போதகர் கொஞ்சம் சரித்திரம் சொன்னார். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் 1715-இல் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாட்டில் கடவுளுக்குச் 'சர்வேசுரன்' என்று பெயர். அதற்கு முன் கத்தோலிக்கர் புழங்கிய சொல் அது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பெப்ரீசியுஸ் என்ற மிஷனரி தன் மொழிபெயர்ப்பில் 'பராபரன்' என்று வைத்தார். பவர் குழுதான் 'தேவன்' என்பதை நிலைநிறுத்தியது. அப்போது லுத்தரன் சபையார் பலர் பெப்ரீசியுஸின் மொழிபெயர்ப்பைக் கைவிட மனமில்லாமல் அதையே வாசித்துக்கொண்டிருந்தார்கள். 1936-இல் லார்சன் என்ற மிஷனரியின் தலைமையில் வந்த திருத்தத்தில் 'கடவுள்' வந்தது, அதுவும் பழையதை அசைக்கவில்லை. இடையில் 1850-இல் யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல், ஆறுமுக நாவலரின் உதவியோடு செய்த மொழிபெயர்ப்பு ஒன்று உண்டு. நாவலர் கைபட்ட தமிழ், இருந்தும் சபைகள் ஏற்கவில்லை.

"இதில் எதை ஐயா பாரம்பரியம் என்று சொல்வது?" என்று போதகர் கேட்டார்.

மூப்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஐயா, எங்கம்மா சாகும்போது சொன்னதுதான் எனக்குப் பாரம்பரியம்" என்றார்.

நடவடிக்கைக் குறிப்பை எழுதியவன் நான். 'ஒரு மூப்பர் ஆட்சேபித்தார்' என்று மட்டும் எழுதினேன். அன்றைக்கு அவர் சொன்னதை முழுசாக எழுதியிருந்தால், யாராவது திரும்பப் படித்து யோசித்திருக்கலாம்.

தொடர்ந்து நடந்தவை

முதல் தொந்தரவு புத்தகங்களின் பெயர். ஆதியாகமம் 'தொடக்கநூல்' ஆகிவிட்டது, யாத்திராகமம் 'விடுதலைப் பயணம்', சங்கீதம் 'திருப்பாடல்', அப்போஸ்தலருடைய நடபடிகள் 'திருத்தூதர் பணிகள்'. வாசிப்பவர் பெயரைச் சொன்னதும் சபை முழுக்கப் பக்கம் புரளும் சத்தம், பிறகு முணுமுணுப்பு. எங்கள் சபையார் கேட்பவர்கள் மட்டுமல்லர், கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு கூடவே படிப்பவர்கள். காதில் ஒரு வாக்கியம், கண்ணில் வேறு வாக்கியம். சிலர் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்கத் தொடங்கினார்கள், அது நன்றாக இருப்பதாகவும் சொன்னார்கள். சிலர் காதை மூடிவிட்டுத் தங்கள் புத்தகத்தைப் படித்தார்கள்.

இரண்டாவது, 'வசனத்தை எடுத்துவிட்டார்கள்' என்ற பேச்சு. அப்போஸ்தலர் 8:37-இல் தொடங்கியது. பழைய மொழிபெயர்ப்பில் சாதாரண வசனமாக இருக்கும் அது, புதிய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அடைப்புக்குள்ளோ அடிக்குறிப்பிலோ போய்விடுகிறது. மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அது இல்லை என்பதுதான் காரணம். வசன எண்களோ 1551-இல் எத்தியேன் என்ற அச்சாளர் போட்டவை. பின்னால் வந்தவர்கள் எண்ணை மாற்றாததால் 36-க்கும் 38-க்கும் நடுவில் ஓர் ஓட்டை தெரிகிறது. பவர் குழு வேலையை முடித்துப் பத்து வருடம் கழித்து, 1881-இல்தான், பழைய பிரதிகளை முதன்மையாகக் கொண்ட வெஸ்ட்காட்–ஹார்ட் கிரேக்கப் பதிப்பே வந்தது. இது மொழி பழசா புதுசா என்ற கேள்வியே அல்ல, எந்த மூலத்திலிருந்து மொழிபெயர்ப்பது என்ற வேறு கேள்வி. நாங்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிட்டோம். முன்கூட்டியே ஒரு ஞாயிறு இதை விளக்கியிருந்தால் பாதிப் பேச்சு எழுந்திருக்காது.

மூன்றாவதை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. புதிய மொழிபெயர்ப்பு எல்லா இடத்திலும் எளிதாக இல்லை. மாட்சி, ஏற்புடையோர், இறைவாக்கினர் எல்லாம் நல்ல தமிழ்ச் சொற்கள்தான். ஆனால் பேருந்தில் யாரும் 'மாட்சி' என்று பேசிக் கேட்டதில்லை. சமஸ்கிருதச் சொல்லை எடுத்துவிட்டுத் தமிழ்ச் சொல்லை வைப்பது ஒரு வேலை, இன்றைய பேச்சுக்கு அருகில் கொண்டுவருவது வேறு வேலை. இரண்டும் ஒன்று என்று நாங்கள் நினைத்திருந்தோம். 'மகிமை' வடசொல், ஆனாலும் எங்கள் சபையில் எந்தக் குழந்தைக்கும் அது தெரியும். பாட்டில் தினமும் வருகிறது. பாட்டுகளை நாங்கள் மாற்றவில்லையே.

நான்காவது ஓர் அடக்க ஆராதனை.

நாங்கள் மாற்றத்தைத் தொடங்கி நாலாவது மாதம் என்று நினைவு. சபையின் மூத்த அம்மா ஒருவர் இறந்துபோனார். வீட்டில் வைத்து நடந்த ஆராதனையில் 23-ஆம் சங்கீதம் வாசிக்க வேண்டியவன் நான். 'எல்லா வாசிப்பும் புதியதில்' என்பதுதானே முடிவு? அதன்படியே அச்சிட்ட தாளைக் கையில் வைத்திருந்தேன். "ஆண்டவரே என் ஆயர்" என்று தொடங்கினேன். பெட்டிக்குப் பக்கத்தில் இறந்தவரின் தங்கை உட்கார்ந்திருந்தார். அதுவரை வாயே திறக்காதவர், என் குரல் கேட்டதும் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று தொடங்கிவிட்டார். என்னை மறுத்துப் பேசவில்லை, நான் வாசிப்பது அவருக்குக் கேட்டதா என்றே தெரியவில்லை. சங்கீதம் என்றதும் வந்துவிட்டது, அவ்வளவுதான். அவரோடு இரண்டு பேர் சேர்ந்தார்கள், பிறகு அறை முழுவதும். நான் ஒரு வரி முன்னால் போய்க்கொண்டிருந்தேன், வேறு சொற்களோடு. மூன்றாவது வரியில் நிறுத்திவிட்டு, தாளை மடித்துப் பைக்குள் வைத்து, அவர்களோடு சேர்ந்து சொன்னேன். 'தேவரீர் என்னோடே கூட இருக்கிறீர்' என்ற இடத்தில் அந்த அம்மாவின் குரல் உடைந்தது. நிறுத்தவில்லை, சொல்லி முடித்தார்.

யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அந்த மூப்பரும் அங்கேதான் இருந்தார். வெளியே வந்ததும் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

திருத்திய முடிவு

ஆறு மாதம் முடியுமுன்பே குழு மறுபடி கூடியது. போதகர் இந்தமுறை வேறு சரித்திரம் கொண்டுவந்தார். கி.பி. 403-இல் ஆயர் அகஸ்டீன், வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமுக்கு எழுதிய கடிதம். வட ஆப்பிரிக்காவில், இன்றைய திரிப்போலியில், ஓர் ஆயர் ஜெரோமின் புதிய லத்தீன் மொழிபெயர்ப்பில் யோனாவை வாசித்திருக்கிறார். யோனாவுக்கு நிழல் கொடுத்த செடி பழைய லத்தீனில் சுரைக்கொடி, ஜெரோம் அதை ஐவிக் கொடி ஆக்கிவிட்டார். சபையில் பெரிய கலகம். தலைமுறை தலைமுறையாகக் காதிலும் நினைவிலும் ஊறிய சொல் மாறிவிட்டதே என்பதுதான் அவர்களுடைய குறை. ஆயர் தன் மந்தையை இழக்கும் நிலைக்கு வந்துவிட்டார். (நம் பழைய மொழிபெயர்ப்பில் அது ஆமணக்குச் செடி. அதை யாரும் மாற்றாமல் இருப்பது நல்லது.)

எந்த மொழிபெயர்ப்பு சரி என்ற கேள்வியை விட்டுவிட்டு, எந்தப் பகுதியைச் சபை எப்படிப் பயன்படுத்துகிறது என்று பார்க்கத் தொடங்கினோம். மனப்பாடமாக இருப்பவற்றில் கைவைப்பதில்லை என்று முடிவானது. சபையார் சேர்ந்து சொல்லும் சங்கீதம், கர்த்தருடைய ஜெபம், திருவிருந்து ஒழுங்கில் வரும் வசனங்கள், அடக்க ஆராதனை முழுவதும் பழையதிலேயே இருக்கும். யாருக்கும் மனப்பாடம் இல்லாத, காதால் மட்டும் கேட்கிற பகுதிகள், அதாவது பெரும்பாலான நிருபங்களும் தீர்க்கதரிசன புத்தகங்களும், புதியதில் வாசிக்கப்படும். புத்தகப் பெயரை மட்டும் பழையபடி சொல்லிவிட்டுப் பக்கத்தில் புதிய பெயரைச் சொல்வோம்.

சுவிசேஷத்தில்தான் இழுபறி. பாதி மனப்பாடம், பாதி இல்லை. முதலில் வாசிப்பவரின் விருப்பத்துக்கு விட்டோம். அது நிற்கவில்லை, யார் எந்தப் 'பக்கம்' என்று பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பிறகு, பழையதையே வாசிப்பது, பொருள் நகர்ந்த சொல் இருந்தால் வாசிக்குமுன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவது என்று வைத்தோம். "இன்றைய பாடத்தில் கற்பனை என்று வருவது கட்டளை." அவ்வளவுதான், விளக்கவுரை கிடையாது. ஞாயிறு பள்ளியிலும், வசனத்தை ஒப்பித்துவிட்டு அதைச் சொந்த வார்த்தையிலும் சொன்னால்தான் பரிசு.

விளைவு

ஒரு வருடம் கழித்து, முதல் சோதனையை அதே ஆட்களில் வரமுடிந்தவர்களை வைத்துத் திரும்பச் செய்தோம். யாக்கோபும் பேதுருவும் புதியதில் நன்றாகவே போய்ச் சேர்ந்திருந்தன. ரோமர் சேரவில்லை. எந்தத் தமிழில் வாசித்தாலும் பவுலின் வாதம் கடினம்தான், அதற்கு மொழிபெயர்ப்பாளரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஒரு குடும்பம் சபையை விட்டுப் போனது. வசனத்தை எடுத்துவிட்டார்கள் என்ற வருத்தம் அவர்களுக்குக் கடைசிவரை தீரவில்லை. போதகர் இரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பேசியும் பலனில்லை. பாட்டிலும் ஜெபத்திலும் 'தேவன்', நிருபத்தில் 'கடவுள்' என்று ஒரே ஆராதனையில் இரண்டும் ஒலிக்கின்றன. இதை நெருடலாக நினைப்பவர்கள் குழுவிலேயே உண்டு. எனக்கு அது பழகிவிட்டது.

கேள்வி கேட்ட அந்த மாணவி இப்போது வாசிப்பவர் பட்டியலில் இருக்கிறாள். பழையதை வாசிக்கும்போது அவள் குரலில் ஒரு நிதானம் உண்டு, இன்றைய பொருளில்.

அடுத்த முறை மாற்றிச் செய்ய வேண்டியவை

முதல் வேலையாக, சபையார் எதையெல்லாம் பார்க்காமல் சொல்வார்கள் என்று பட்டியல் எடுக்க வேண்டும். நாங்கள் புரியாத சொற்களைப் பட்டியலிட்டோமே தவிர, மனப்பாடத்தைப் பட்டியலிடவில்லை. மூல வேறுபாட்டை மொழி மாற்றத்தோடு கலக்காமல் தனியாக, முன்னதாகப் பேச வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல் நிருபத்தோடு தொடங்கியிருக்கலாம். ஆட்சேபிக்கிறவரின் வாக்கியத்தை அப்படியே குறிப்பில் எழுத வேண்டும்.

பொருள் நகர்ந்த சொற்களுக்கு வாசிப்பு மேடை அருகே ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் எழுதலாம். போன மாதம் அந்த மூப்பர் ஒரு தாள் எழுதிக்கொண்டுவந்து அதில் செருகியிருந்தார். ஏழெட்டுச் சொற்கள், நடுங்கிய கையெழுத்து. முதல் சொல் 23-ஆம் சங்கீதத்திலிருந்து, 'தாழ்ச்சியடையேன்'. பக்கத்தில், "குறைவுபடேன் என்பதுதானே பொருள்? இத்தனை நாளும் தலைகுனியேன் என்று நினைத்திருந்தேன்" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, அடிக்கோடு போட்டு: "இருந்தாலும் சங்கீதத்தை மாற்ற வேண்டாம்."